750 மில்லி லிட்டர் காலிப் பாட்டில்: திருச்சி – சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோ பயணத்தில் அனுமதி உண்டா?

கேள்வி: காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பயணம் செய்கிறேன். அவருக்கு 71 வயது. இருமுறை சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டவர் என்பதால், தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டார். விமானத்தில் சிறு கோப்பையில் தரும் தண்ணீர் அவருக்கு இரண்டு மடக்குக்குத்தான் காணும். அதற்காகப் பணிப்பெண்ணை மறுபடி மறுபடி அழைக்கவும் கூச்சப்படுவார். கேட்காமல் நாவறண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆகவே, 750 மில்லி லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாட்டில் ஒன்றைக் காலியாக எடுத்துச் சென்று, சோதனை முடிந்தபின் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்த முகவரோ, "100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கலன் எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது, வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள்" என்கிறார். விதியைப் படித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் தோன்றுகிறது, ஏனெனில் அதில் உள்ளே இருக்கும் திரவத்தின் அளவைவிடக் கலனின் அளவைப் பற்றித்தான் பேச்சு இருக்கிறது. கலிபோர்னியாவில் வசிக்கும் என் தங்கையோ, பல ஆண்டுகளாகக் காலிப் பாட்டிலுடன்தான் பறப்பதாகவும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றும் சொல்கிறாள்.

இருவரில் யார் சொல்வதை நம்புவது? திருச்சியில் நிரப்பும் தண்ணீர் சிங்கப்பூரைத் தாண்டி வருமா, அல்லது அங்கே மறுபடியும் கொட்ட வேண்டியிருக்குமா? இந்த வழியில் சென்றவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தேக்காவாசி

உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. ஆனால் முகவர் பொய் சொல்லவில்லை. விதியின் வாசகத்தைப் பாதியில் நிறுத்திப் படித்திருக்கிறார். 100 மில்லி லிட்டர் என்ற கட்டுப்பாடு திரவம், களிம்பு, பசை போன்றவை உள்ள கலன்களுக்கானது. உள்ளே எதுவும் இல்லாத பாட்டில், சோதனை அலுவலரின் கண்ணுக்கு ஒரு டிபன் டப்பாவைப் போன்றதுதான். அதே பாட்டிலின் அடியில் ஐம்பது மில்லி லிட்டர் தண்ணீரை விட்டுவைத்தீர்களானால், அளவு நூறுக்குக் கீழே இருந்தாலும் அது "750 மில்லி லிட்டர் கொள்ளும் திரவக் கலன்" ஆகிவிடும், அனுமதிக்கமாட்டார்கள். முழுக்க வெறுமையாக இருந்தால் போகும், கொஞ்சம் இருந்தால் போகாது என்பது விசித்திரமாகத் தோன்றினாலும் விதியின் கணக்கு அதுதான்.

நான் சிங்கப்பூரில் வேலை செய்பவன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை திருச்சிக்குப் போய்வருகிறேன். 2024 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில், திருவரங்கத்துக் கோபுரத்தின் வண்ணங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்து, குடிவரவுச் சோதனையை முடித்துவிட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கும்போது என் பாட்டிலைப் பையிலிருந்து வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, தட்டில் தனியாகப் படுக்க வைத்துவிடுவேன். மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே நிரப்பிக்கொண்டு விமானம் ஏறலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். பெரும்பாலான விமான நிலையங்களில் சோதனை நுழைவாயிலருகே ஒரே இடத்தில் முடிந்துவிடும். அதன்பின் விமானக் கதவு வரை நிரப்பிய தண்ணீருக்கு எந்தத் தடையும் இல்லை. சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் வழக்கம் வேறு. அங்கே கடைவீதி, உணவகங்கள், பூந்தோட்டம் எல்லாவற்றையும் சுற்றி முடித்தபின், விமானம் ஏறும் வாயிலில்தான் பைகளைச் சோதிக்கிறார்கள். 2017இல் திறந்த நான்காவது முனையத்தில் மட்டும் சோதனை ஒரே இடத்தில் நடக்கிறது. ஆகவே திருச்சியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை முனையத்துக்குள் தாராளமாகக் குடிக்கலாம், தீர்ந்தால் மறுபடி நிரப்பலாம். சான் பிரான்சிஸ்கோ விமானத்தின் வாயிலுக்குள் நுழையும் முன் மட்டும் காலி செய்ய வேண்டும். இது தெரியாமல், வெளியே பாட்டிலை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்து வாயிலில் நின்றபடி மடமடவென்று குடித்துத் தீர்ப்பவர்களை நான் ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

சோதனை தாண்டியபின் இருக்கும் காத்திருப்பு அறைகள் பலவற்றில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கலாம் என்பதால், அதில் நிரப்பிக்கொள்வதில் உங்கள் தந்தையாருக்குத் தயக்கம் வேண்டாம். ஆனால் அந்த அறைகள் சிலவற்றுக்குள் கழிப்பறை கிடையாது. நிறையத் தண்ணீர் குடிக்கும் பெரியவர் என்பதால், வாயிலுக்குள் நுழையும் முன்பே அந்த வேலையை முடித்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 2: வெண்ணாற்றங்கரை

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு எளிதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் என் பிளாஸ்க்கைப் பறிகொடுத்தேன். இரட்டைச் சுவர் கொண்ட, விலை உயர்ந்த பிளாஸ்க் அது. தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்ற நம்பிக்கையில் மூடியை இறுக்கிப் பையின் அடியில் வைத்திருந்தேன். உள்ளே நான்கு பனிக்கட்டிகள் பாதி கரைந்து கிடந்தது எனக்கு மறந்தே போயிற்று. திரையில் பார்த்துவிட்டுப் பையைத் தனியே ஒதுக்கினார்கள். மூடியைத் திறந்ததும் இரண்டு மடக்கு நீர் இருந்தது. "குடித்துவிடுகிறேன்" என்று கேட்டேன். சோதனைக் கோட்டைத் தாண்டி வந்துவிட்ட பொருளை அங்கே குடிக்க முடியாது, வேண்டுமானால் வெளியே போய்க் கொட்டிவிட்டு மறுபடி வரிசையில் வாருங்கள் என்றார்கள். விமானத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. விட்டுவிட்டு ஓடினேன்.

இதில் எனக்கு இருக்கும் வருத்தம் என்னவென்றால், உள்நாட்டுப் பயணங்களில் மதுரையிலும் சென்னையிலும் நிறைந்த தண்ணீர் பாட்டிலையே பலமுறை ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒரே பாட்டில், ஒரே தண்ணீர், ஓரிடத்தில் ஆபத்தில்லாததாகவும் இன்னோரிடத்தில் வெடிகுண்டைப் போலவும் ஆவது எப்படி என்பதை யாராவது விளக்கினால் தேவலை.

பதில் 3: ஊடுகதிர்

பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நண்பர் வெண்ணாற்றங்கரையின் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். சற்று நீளும்.

2006 ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டனில் ஒரு சதித்திட்டத்தைக் காவல்துறை முறியடித்தது. லண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குப் பறக்கும் விமானங்களில், குளிர்பான பாட்டில்களுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடை அடிப்படையாகக் கொண்ட திரவ வெடிமருந்தை மறைத்து எடுத்துச் செல்வதுதான் அவர்களுடைய திட்டம். அன்றைக்கே கைப்பைகளுக்கு மிகக் கடுமையான தடை வந்தது. கைக்குழந்தைக்கு வைத்திருந்த பாலைக்கூடத் தாய்மார்கள் சோதனை மேசையில் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சில வாரங்கள் கழித்துத்தான், செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவும் நவம்பர் 6 முதல் ஐரோப்பிய ஒன்றியமும், சிறு கலன்களில், ஒரு லிட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்குமளவு மட்டும் திரவங்களை அனுமதித்தன. இன்று நாம் பார்க்கும் 100 மில்லி லிட்டர் விதி அப்படி வந்ததுதான்.

கலனின் அளவை ஏன் கணக்கில் எடுத்தார்கள் என்றால், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பைகளைப் பார்க்கும் ஊழியர், அரைகுறையாக நிரம்பிய பாட்டிலில் தொண்ணூறு மில்லி லிட்டர் இருக்கிறதா நூற்றிருபது இருக்கிறதா என்று அளந்துகொண்டிருக்க முடியாது. கலனின்மேல் அச்சிட்ட எண்ணைப் படித்தால் வேலை முடிந்தது. பல சிறிய கலன்களில் கொண்டுபோன திரவத்தை உள்ளே போய் ஒன்றாகச் சேர்க்க ஒரு பெரிய கலன் தேவைப்படும், அப்படியானால் காலிப் பாட்டிலையும் தடுக்க வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. உள்ளே இருக்கும் கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கொட்டினாலே அந்தக் கலன் கிடைத்துவிடும் என்பதால், காலிப் பாட்டிலைத் தடுப்பதில் பயனில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். வழக்கமான எக்ஸ்ரே இயந்திரம் இரண்டு ஆற்றல் நிலைகளில் கதிரைச் செலுத்தி, பொருளின் தன்மைக்கேற்ப வண்ணம் பூசிக் காட்டும். உணவு, துணி, தாள், தண்ணீர், பிளாஸ்டிக், வெடிமருந்து ஆகியவை ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகங்கள் நீலமாகத் தெரியும், இடைப்பட்டவை பச்சை. தண்ணீருக்கும் ஆபத்தான திரவத்துக்கும் ஒரே ஆரஞ்சு என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். பிளாஸ்டிக் பாட்டில் காலியாக இருந்தால் மெல்லிய கோட்டுச் சித்திரம் போலத் தெரிந்துவிடும். இரட்டைச் சுவர் கொண்ட எவர்சில்வர் பிளாஸ்க்கோ கருநீலப் பட்டையாக வந்து நிற்கும். அதற்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும், ஐயம் எழுந்தால் பையைத் திறக்கத்தான் வேண்டும். ஆகவே மூடியைத் திறந்து தட்டில் தனியாக வைப்பதில் உங்கள் நேரமும் மிச்சம், அவர்களுடைய நேரமும் மிச்சம். பையின் பக்கவாட்டு வலைப் பைக்குள் செருகி மட்டும் அனுப்பாதீர்கள். இயந்திரத்தின் வாயில் தொங்கும் ஈயத் திரைகளில் இடறி பாட்டில் கழன்று உள்ளேயே உருண்டு கிடந்ததை எத்தனையோ முறை குனிந்து எடுத்திருக்கிறேன்.

புதிய இயந்திரங்கள் மருத்துவமனையில் இருக்கும் சி.டி. ஸ்கேனைப் போலப் பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, திரவத்தின் அடர்த்தியைக் கணக்கிட்டுத் தண்ணீரையும் மற்றதையும் பிரித்தறிய முயல்கின்றன. அவற்றை நம்பித்தான் 2025 ஜூலையில் பிரிட்டனின் எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்கள் இரண்டு லிட்டர் வரையிலான கலன்களை அனுமதித்தன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில்தான், அதே வகை இயந்திரங்கள் சிலவற்றின் திறனில் ஐயம் ஏற்பட்டு, தளர்த்திய இடங்களிலும் 100 மில்லி லிட்டர் விதியை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மீண்டும் கொண்டுவந்தன. புதிய இயந்திரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீருடன் போகலாம் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. உங்கள் வழியிலுள்ள மூன்று நாடுகளிலும் பழைய விதியை எண்ணியே கிளம்புங்கள்.

உள்நாட்டுப் பயணத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு போக்கு. ஜப்பானில் உள்நாட்டு விமானத்துக்குத் தண்ணீர் பாட்டிலுடன் போகலாம். அதை ஒரு சிறு கருவியின்மேல் வைத்துச் சோதித்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். அமெரிக்காவில் பக்கத்து ஊருக்குப் பறந்தாலும் 100 மில்லி லிட்டர்தான். நண்பரின் பிளாஸ்க்கைப் பொறுத்தவரை, விதிப்படி அந்த அலுவலர் செய்தது சரிதான் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சரிதான். இறுதி முடிவு அங்கே நிற்கும் அலுவலருடையது என்று எல்லா நாட்டு விதிகளிலும் ஒரு வரி இருக்கும். அவரோடு வாதாடிப் பாட்டிலை மீட்டவர்களைவிட விமானத்தைத் தவறவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பதில் 4: சிக்கனச்செல்வி

இத்தனை பாடு எதற்கு, உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்று எழுத வந்தேன். சாங்கிக் கடையில் கொடுத்த விலை நினைவுக்கு வந்ததும் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். மேலும், அங்கே வாயிலுக்கு வெளியே இருக்கும் கடையில் வாங்கிய தண்ணீரும் வாயிலில் நிற்கும் சோதனையைத் தாண்டாது என்பதைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டுவதைவிடக் குழாயில் பிடித்ததைக் கொட்டுவது மனத்துக்கு எளிது.

காவிரிக்கரையான்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தேக்காவாசி ஐயா சொன்ன சாங்கி வாயில் விவரம் இல்லையென்றால், நானும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய் வாயிலில் விழித்திருப்பேன்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு இரண்டு புதிய நிபந்தனைகள் விதித்திருக்கிறார். எவர்சில்வர் வேண்டாமாம், வீட்டில் தினமும் குடிக்கும் செம்புப் பாட்டில்தான் வேண்டுமாம். அடுத்து, பேத்தியின் காதணி விழாவுக்காகச் சமயபுரத்துத் தீர்த்தம் கால் லிட்டர் அளவு ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறார். அதைத் தன் கையைவிட்டு அனுப்பமாட்டேன் என்கிறார். குடிப்பதற்கு வெந்நீர் கிடைக்குமா என்றும் கேட்கிறார். சிறுநீரகக் கல் பற்றிய மருத்துவக் குறிப்பைக் காட்டினால் தண்ணீருக்கே அனுமதி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், அதுவும் உண்மைதானா?

பதில் 5: விரிகுடாவாசி

நான் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே வசிக்கிறேன். என் பெற்றோரும் மாமியாரும் இதே வழியில் வந்துபோனவர்கள் என்பதால், அப்பாவின் நிபந்தனைகள் எதுவும் எனக்குப் புதிதல்ல.

செம்புப் பாட்டிலுக்குத் தடை இல்லை. ஆனால் ஊடுகதிர் அவர்கள் எவர்சில்வரைப் பற்றிச் சொன்னது செம்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அது எக்ஸ்ரேயை அதிகமாக உறிஞ்சி, திரையில் இன்னும் கருமையாகத் தெரியும். வாய் குறுகலாக இருந்தால் உள்ளே எட்டிப் பார்ப்பதும் கடினம். என் மாமியாரிடம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவரும் காட்டினார், ஒரு சொட்டுகூட விழவில்லை, போகலாம் என்றார்கள். முதல்நாள் இரவே கழுவிக் கவிழ்த்து உலரவைத்துவிடுங்கள். அப்பா இசைந்தால், சுருட்டி வைக்கக்கூடிய சிலிகான் பாட்டில் ஒன்றையும் பைக்குள் போட்டுவையுங்கள். காலி என்பதைத் தட்டையாக மடங்கிக் கிடப்பதே காட்டிக்கொடுத்துவிடும், இடத்தையும் அடைக்காது.

தீர்த்தத்தைக் கைப்பையில் கொண்டு செல்ல இயலாது. கால் லிட்டர் என்பது 250 மில்லி லிட்டர். கோயில் தீர்த்தம் என்ற காரணத்துக்காக விதியைத் தளர்த்தமாட்டார்கள். அதை அவர் கண்முன்னே குப்பைத் தொட்டியில் போட்டால் அந்தத் துயரம் பயணம் முழுக்கத் தொடரும். எனவே 100 மில்லி லிட்டருக்கு உட்பட்ட சிறு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, ஒளி ஊடுருவும் பைக்குள் வைத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை மூடியின்மேல் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் கட்டி, பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே வைத்துவிடலாம். என் அம்மா இராமேசுவரத்துத் தீர்த்தத்தை அப்படித்தான் கொண்டுவந்தார்.

மருத்துவக் குறிப்பைப் பற்றி: மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. அமெரிக்கச் சோதனைகளில் நோயாளிக்குத் தேவையான திரவத்தை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால், தனியாகச் சோதித்து அனுமதிப்பார்கள். ஆனால் சோதனைக்கு அந்தப் பக்கம் குழாயில் இலவசமாகக் கிடைக்கும் வெறும் தண்ணீரை மருந்து என்று நிறுவுவதற்குள் அப்பாவுக்குக் கால் கடுத்துவிடும். குறிப்பை மாத்திரைகளுக்காகக் கையில் வைத்திருங்கள். தண்ணீருக்காக நீட்ட வேண்டாம். தண்ணீரைப் பனிக்கட்டியாக உறைய வைத்துக் கொண்டுபோகலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். அமெரிக்க விதியில் அதற்கு உண்மையிலேயே இடம் இருக்கிறது. சோதனை மேசைக்கு வரும் நேரத்தில் கல்லைப் போல உறைந்திருக்க வேண்டும், அடியில் நீர் கசிந்திருந்தாலும் திரவக் கணக்கில் சேர்ந்துவிடும். திருச்சி வெயிலில் வீட்டிலிருந்து விமான நிலையம் போவதற்குள் அது என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வெந்நீருக்குச் சீனத்து விமான நிலையங்களைப் போலப் போகுமிடமெல்லாம் வெந்நீர் இயந்திரம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேநீர்க் கடையில் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். விமானத்தில் பணியாளர்களிடம் கேட்டால் தருவார்கள். ஆனால் அதைச் செம்புப் பாட்டிலில் வாங்க வேண்டாம். ஒற்றைச் சுவர் என்பதால் பாட்டிலைக் கையால் தொட முடியாது. ஆட்டம் வந்தால் மடியில் கொட்டிக்கொள்வார். கோப்பையில் வாங்கி ஆறவிட்டுக் குடிப்பதே நல்லது.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து உறிஞ்சுகுழல் வைத்த பாட்டிலை வாங்கிவிடாதீர்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இராது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். எட்டாயிரம் அடியில் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தரையில் பாதி நிரப்பி இறுக மூடிய 750 மில்லி லிட்டர் பாட்டிலில் 375 மில்லி லிட்டர் காற்று அடைபட்டிருக்கும். மேலே போனதும் அது 500 மில்லி லிட்டராக விரியப் பார்க்கும். விரிய இடமில்லாமல் தண்ணீரைக் குழல் வழியாக மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். குழலை நிமிர்த்திய கணத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வரை முகத்தில் பீய்ச்சியடிக்கக்கூடும். என் பையனின் பள்ளிக்கூடப் பாட்டில் முன் இருக்கைக்காரரின் தலையை நனைத்தபிறகுதான் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். திருகு மூடி கொண்ட பாட்டிலாக இருந்தால், விமானம் மேலேறும்போது நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை மெதுவாகத் தளர்த்தி மூடினால் போதும்.

சிங்கப்பூரிலிருந்து இங்கே வர ஏறத்தாழப் பதினைந்து பதினாறு மணி நேரம் ஆகும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் இருபது விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுவதால் நாக்கும் உதடும் விரைவில் உலரும். 750 மில்லி லிட்டர் அவருக்குப் பாதி வழிக்குக்கூடப் போதாது. விமானத்தின் பின்பகுதியில் பணியாளர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்களே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். உணவு வேளை முடிந்த நேரமாகப் பார்த்துப் போனால் பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றித் தருவார்கள்; அப்பா மணியடிக்கவும் வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். கழிப்பறைக் குழாயில் மட்டும் பிடிக்காதீர்கள். அது குடிப்பதற்கானது அல்ல.

பதில் 6: தேக்காவாசி

விரிகுடாவாசி விடாமல் சொல்லிவிட்டார். ஒரு சிறு சேர்க்கை: பாட்டிலை அப்பாவின் பையில் வைக்காமல் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் யாருடைய பையோ அவரைத்தான் அழைப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்வி பெரியவருக்குப் புரியாமல் போகலாம்.

காவிரிக்கரையான்

செம்புப் பாட்டிலை என் பையில் வைப்பதற்கும், தீர்த்தத்தை இரண்டாகப் பிரிப்பதற்கும் அப்பா சம்மதித்துவிட்டார். சிலிகான் பாட்டிலைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும், குடிவரவு வரிசைக்கு முன்னால் பாட்டிலில் மிச்சமுள்ள தண்ணீரைக் கொட்ட வேண்டுமா?

பதில் 7: விரிகுடாவாசி

வேண்டாம். வந்திறங்குபவரின் தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை. குடிவரவு வரிசை சில நாள்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும், ஆகவே இறங்கும் முன் நிரப்பி வைத்துக்கொள்வதுகூட நல்லது. அங்கிருந்து வேறு ஊருக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் மட்டும், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைத்தபின் வரும் சோதனைக்கு முன் காலி செய்யுங்கள். அதைத் தாண்டியதும் பாட்டில் நிரப்பும் குழாய்கள் அடுத்தடுத்து இருக்கும். 2019 ஆகஸ்டிலிருந்து அந்த விமான நிலையத்துக் கடைகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பதால், கையில் பாட்டிலோடு வருபவர்கள்தான் அங்கே அதிகம். அப்பாவின் செம்புப் பாட்டிலை யாரும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள்.